இடப்பக்கம் சற்றுக் குறைவு

தார்த்துவில் பிப்ரவரி. ஆறு உறைந்து கிடக்கிறது.
தபாலில் வந்த பெட்டியைப் பிரிக்காமல்
அடுக்களை மேசைமேல் இரண்டு மணி நேரம் வைத்தேன்,
குளிர் விட்டால்தான் உள்ளே ஈரம் கோக்காது.

ஒன்றே முக்கால் கிலோ.
அலுமினிய மூடி. மூலைகளில் அரம் போட்டிருக்கிறான்,
விரலை அறுக்கவில்லை.
அடியில் ஆறு திருகாணி, ஐந்து ஒரே கறுப்பு,
ஆறாவது வேறு ஏதோ டப்பாவிலிருந்து வந்த வெள்ளி.
அரை மதிப்பெண் அங்கேயே போயிற்று.

குமிழ் திரும்பும்போது
குளிர்ந்த தேனுக்குள் கரண்டி திரும்பும் கனம்.
படிக்குப் படி ஒரு சின்ன 'டொக்'.

முதலில் இசை எதுவும் போடமாட்டேன்.
ஹெட்போனை மாட்டி, ஒலியளவை முழுக்க ஏற்றி,
வெறுமையைக் கேட்பேன்.
மட்டமான கருவி இங்கேதான் உளறும்:
இரைச்சல், ரீங்காரம்,
பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் விழித்துக்கொள்ளும் சொடுக்கு.
இது வாயே திறக்கவில்லை.
பனி கொட்டி ஓய்ந்த தெருவில்
அதிகாலை மூன்று மணிக்கு நின்றதுபோல் இருந்தது.

பிறகு என் வழக்கமான தட்டு.
வால்காவில் ஒரு தேவாலயம், ஒரு பெண் குரல், ஒரு செல்லோ.
அவள் நடுவில் நிற்க வேண்டும்,
என் மூக்குக்கு நேரே, இரண்டடி தள்ளி.
மூச்சை இழுத்தாள். உதடு பிரியும் ஈரச் சத்தம்.
நின்றாள், கொஞ்சம் வலப்பக்கமாக.

குறிப்பேட்டில் எழுதினேன்:
இடப்பக்கம் சற்றுக் குறைவு.

எழுதி முடித்ததும் கை நின்றது.
இந்த வரி இதற்கு முன்னும் என் கைக்குப் பழக்கம்.

நான்கு வருடம் முன்பு, இதே ரைனோ
வில்யாந்தியில் கார் கொட்டகைக்குள் உட்கார்ந்து
கட்டிய முதல் கருவிக்கு
பத்திரிகையில் நான் போட்ட கடைசி வரி.
சண்டைக்கு வரவில்லை அவன். கடிதமும் எழுதவில்லை.
இப்போது பெட்டியின் அடியில் ஒரு துண்டுத்தாள், பென்சில் எழுத்து:
'குமிழை மாற்றிவிட்டேன், ஐவார்.
இருபத்துநான்கு படி. படிக்கு இரண்டு ரெசிஸ்டர்,
ஒவ்வொன்றையும் அளந்து ஜோடி சேர்த்தேன்.
இடமும் வலமும் நான்கு முறை பார்த்தாயிற்று.'
விலையில் முந்நூறு யூரோ ஏறியிருந்தது.

இருபது வருடத்தில் ஒருமுறையும் செய்யாததைச் செய்தேன்.
ஹெட்போனைக் கழற்றித் திருப்பி மாட்டினேன்,
இடது என்று எழுதியது வலக் காதில்.
குறை கருவியில் இருந்தால்
அவள் இப்போது இடப்பக்கம் போயாக வேண்டும்.
அசையவில்லை.
அலமாரியிலிருந்து மூன்று பழைய பெருக்கிகளை இறக்கினேன்,
கம்பிகளைத் துடைத்து மாற்றிச் செருகினேன்.
எதில் வந்தாலும் வலப்பக்கமே, அதே அரை அடி.

கீழ்வீட்டு லீஸ் ஐஸ் ஹாக்கிக் காலுறையோடு மேலே வந்தாள்,
பதினான்கு வயது.
தலையில் மாட்டிவிட்டு, எங்கே நிற்கிறார் என்று கேட்டேன்.
மூக்கு நுனியைத் தொட்டுக் காட்டினாள்.
'உங்களுக்கு எங்கே?'
ரொட்டி வேண்டுமா என்று கேட்டேன்.

எடைக்கல் தேய்ந்துபோனால்
கடைக்காரன் யாரிடம் போய்ச் சொல்வான்?
பழைய இதழ்களை எடுத்துத் தரையில் பரப்பினேன்.
இடப்பக்கம் குறைவு, நான்கு வருடத்தில் ஐந்து பேருக்கு.
ஒருவர் கடையை மூடிவிட்டார். அதற்கு நானா காரணம், தெரியாது.
தெரியாது என்பது உதவவும் இல்லை.

இரவு ஒன்றரை மணி. ரைனோவுக்கு எழுத ஆரம்பித்தேன்:
'உன் கருவியில் குறையில்லை. முன்னதிலும் இல்லை.
குறை இருக்கும் இடத்தை
திங்கட்கிழமை மருத்துவர் பார்க்கிறார்.'
அடுத்த இதழில் இதையே அச்சிடச் சொல்லப்போகிறேன்,
என் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில்.

மதிப்புரைத் தாளில் அந்த வரியை அடித்தேன்.
பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டு,
பெட்டியைக் கவிழ்த்து, விளக்கை அருகே இழுத்து,
ஆறாவது திருகாணியை மறுபடி பார்த்தேன்.
வெள்ளிதான்.
அதை மட்டும் விட்டுவைத்தேன்.